முன் சீட்டு

வெயிலில் நிற்காதீர்கள் அம்மா. இப்படி இந்தக் கதவோரம் வாருங்கள், காரின் நிழல் கொஞ்சம் விழுகிறது. நான் இறங்கி உங்களை உட்கார வைத்திருப்பேன். என் முட்டி மடங்காது. ஏறினால் இறக்க ஒரு ஆள் வேண்டும், இறங்கினால் ஏற்ற ஒரு ஆள் வேண்டும். அதனால்தான் ஜன்னல் வழியாகவே பேசுகிறேன். தப்பாக நினைக்காதீர்கள்.

தயாபுரம் பஸ்ஸுக்கா நிற்கிறீர்கள்? நாங்களும் அங்கேதான். இன்றைக்கு நம் வேதக்கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை அல்லவா, மத்தியானம் அசனம். ஊர் முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். நீங்கள் அந்த ஊருக்கு மருமகளாக வந்தவரா? அப்படிச் சொல்லுங்கள். நான் அந்த ஊரில் பிறந்து வெளியே போனவள். மனோரஞ்சிதம். பாளையங்கோட்டையில் இருக்கிறேன். கல்லூரி படிக்கப் போனேன், அங்கேயே கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

ரேடியேட்டர் கொதித்துவிட்டது, வேறொன்றுமில்லை. மகன் ஆல்வின் அதோ அந்தப் பம்புசெட்டுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறான். சூடு ஆறாமல் மூடியைத் திறக்கக்கூடாது, முகத்தில் அடித்துவிடும். இதெல்லாம் என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி எனக்குப் பாடம். நான் படித்தது தமிழ் இலக்கியம். கடைசியில் மனப்பாடமானது இதுதான்.

பின்னால் இருப்பது மருமகள். ஹெப்சிபா. ஹெப்சி என்று கூப்பிடுவோம். அதிகம் பேசமாட்டாள், நல்ல பிள்ளை. மடியில் இருப்பது என் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோகிற முறுக்கு டப்பா. பழக்கூடை, தண்ணீர்க் கேன், என் சேலைப் பை எல்லாம் அந்தப் பக்கம் அடுக்கியிருக்கிறோம். அந்தப் பக்கக் கதவு இன்னும் சரியாகப் பூட்டவில்லை, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறான். முன்னால் சாமான் வைக்க முடியாது பாருங்கள், என் கால் நீட்ட வேண்டும்.

ஹெப்சி, டப்பாவைச் சாய்க்காதேம்மா. உடைந்துவிடும்.

ஆமாம், ஃபியட்தான். வழியெல்லாம் எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள் தெரியுமா. என் மாமனார் வாங்கியது. அவருக்குப் பிறகு என் வீட்டுக்காரர் ஓட்டினார். துரைமணி சார் என்றால் பாளையங்கோட்டையில் தெரியும், பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார். அந்தக் காலத்து ஃபியட்டில் முன்னால் ஒரே நீளமான பெஞ்சு சீட்டு. கியர் கம்பி ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கும், காலடியில் ஒன்றும் இடிக்காது. முன்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். மூன்று பேர் யார் யார் என்கிறீர்கள்? அவர், அவருடைய அம்மா, நடுவில் அம்மாவுடைய கைப்பை.

சிரிக்காதீர்கள், உண்மை.

கல்யாணமாகி முதல் ஞாயிற்றுக்கிழமை. புதுப் பெண், பட்டுச்சேலை, கையில் பாட்டுப் புத்தகம். முன் கதவில் கை வைத்தேன். மாமியார் என் முதுகுக்குப் பின்னாலிருந்து, "ஏ பிள்ளே, பின்னால ஏறு. எனக்குக் காத்து வேணும்" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, முறைக்கவில்லை. இட்லிக்குச் சட்னி வேண்டும் என்பதுபோலச் சொன்னார். நான் பின்னால் ஏறினேன். என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மேலே இருக்கிற கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கண்ணாலேயே, பொறுத்துக்கொள் என்றார். அந்தக் கண்ணாடிக்குள்ளேதான் அம்மா எங்கள் இல்லறம் பாதி நடந்தது. எதைச் சொல்வதென்றாலும் அவர் அதில் பார்ப்பார், நான் அதில் பதில் சொல்வேன். எனக்கு அவருடைய முகத்தைவிட அவர் புருவம்தான் நன்றாகத் தெரியும்.

கோயில் வளாகத்துக்குள் கார் நுழைந்தால் பாஸ்டர் ஐயர் வீட்டம்மா ஓடிவந்து முன் கதவைத் திறப்பார். "வாங்க பெரியம்மா, வாங்க." மாமியார் ராணி மாதிரி இறங்குவார். நான் பின்னாலிருந்து பையும் குடையுமாக இறங்கி முந்தானையைச் சரிசெய்வதற்குள் முதல் பாட்டு பாதி முடிந்திருக்கும். ஆல்வின் பிறந்த பிறகு கைப்பைக்குப் பதில் அவனை நடுவில் உட்கார வைத்தார். பிள்ளை முன்னால், பிள்ளையைப் பெற்றவள் பின்னால்.

பின் சீட்டு என்றால் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஸ்பிரிங் குத்தும். பெட்ரோல் வாடை முழுக்க அங்கேதான் வந்து நிற்கும். இடது பக்கக் கண்ணாடி பாதிக்குமேல் இறங்காது. பல்லவன் காலத்திலிருந்து இறங்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் இறங்காது, அதோ பாருங்கள், அதே இடத்தில் நிற்கிறது. எனக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். ஆல்வினுக்கு முன்னால் ஒன்று உண்டாகியிருந்தேன். மூன்றாம் மாதம். கன்னியாகுமரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். வழியெல்லாம் வாந்தி. மாமியார் திரும்பிப் பார்த்து, "சாக்கை விரிச்சிக்க பிள்ளே, சீட்டு பாழாப் போவும்" என்றார். அந்தப் பிள்ளை தங்கவில்லை. அது வேறு கதை. அதை இப்போது எதற்குப் பேசுவது.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. நான் சொல்ல வந்தது எங்கள் அப்பாவைப் பற்றி.

கல்யாணமான வருஷம் இதே பண்டிகைக்கு வந்தோம். மகள் காரில் வருகிறாள் என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். தயாபுரத்துக்குள் அன்றைக்குக் கார் வருவது பெரிய விஷயம். கோயில் வாசலில் வெள்ளை வேட்டியும் சட்டையுமாக நிற்கிறார், பக்கத்தில் அவர் சேக்காளிகள். கார் நின்றது. அப்பா வந்து குனிந்து முன் ஜன்னலில் பார்த்தார். மாமியார் இருந்தார். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பக்கம் டிரைவர் இடத்தில் பார்த்தார், மருமகன் இருந்தார். அதற்குப் பிறகுதான் பின்னால் வந்து பார்த்தார். நான் பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்தேன். அப்பா என் கதவைத் திறந்துவிட்டார். அசனத்தில் பரிமாறிக்கொண்டே என் இலைக்கு வந்தபோது, "பின்னால காத்து வருதாம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். நான் "வருதுப்பா" என்றேன்.

அந்தச் சோறு எனக்கு இன்னும் இறங்கவில்லை அம்மா.

அதனால்தான் இந்தக் கார். இதற்குத்தான் இவ்வளவு பாடு.

மாமியார் போன பிறகு அவர் காரைத் தொடவில்லை. ஷெட்டில் நின்றது. மேலே தார்ப்பாய், உள்ளே அணில். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் காலையில் காப்பி குடித்துக்கொண்டே, "மனோ, காரைப் பிரிக்கப் போறேன்" என்றார். காரைத்தான் பிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன், வீட்டையே பிரித்துவிட்டார். வேப்பமரக் கிளையில் சங்கிலி கட்டி இன்ஜினை இறக்கினார்கள். ஐப்பசி மழை பிடித்ததும் எல்லாச் சாமானும் உள்ளே வந்துவிட்டது. விருந்தாளிக் கட்டிலில் நான்கு கதவுகள். முன் கண்ணாடியை என் கல்யாணக் கம்பளியில் சுற்றி வைத்தார். ஹெட்லைட் இரண்டும் பைபிள் அலமாரியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். கார்புரேட்டரை ஆப்ப மாவுச் சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டார். அந்தச் சட்டியில் பிறகு மாவு கரைத்தேனா என்று கேட்காதீர்கள். தரைத் தகடு துருப்பிடித்து, பின்னால் உட்கார்ந்தால் ரோடு தெரிகிற மாதிரி ஓட்டை. வெட்டி எடுத்து வெல்டிங், டிங்கரிங், பட்டி வைத்துத் தேய்ப்பது. தேய்க்கிற தூசி சோற்றில் விழும். ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்.

"அந்தப் பெஞ்சு சீட்டு வேண்டாம்" என்றேன்.

"எங்கப்பா வாங்கின காரு. இருந்தது இருந்தபடி இருக்கட்டுமே மனோ."

"இருந்தது இருந்தபடி இருந்தா, நானும் இருந்த இடத்துலயேதான் இருக்கணும்."

கையில் பிடித்திருந்த ஸ்பானரைப் பார்த்தார். "அதுல மூணு பேரு இருக்கலாம்லா" என்றார்.

"மூணு பேரு வேண்டாம். ஒருத்தர் இருக்கிற மாதிரித் தனிச் சீட்டு. அது எனக்கு. நடுவுல பையும் வரக்கூடாது, பிள்ளையும் வரக்கூடாது."

தனிச் சீட்டு என்றால் சும்மா மாற்றிவிட முடியாது தெரியுமா. ஒன்றை இழுத்தால் ஒன்பது வரும். கியரைக் கீழே கொண்டுவந்தால்தான் நல்லது என்றார்கள். அதற்கு வேறு கியர்பாக்ஸ். அதற்கு மதுரைப் பழைய சாமான் கடைகளில் அலைச்சல். தரையை வெட்ட வேண்டும். எல்லாம் செய்தார். அவருடைய சிநேகிதர் பொன்னுத்துரை தினமும் வந்து வேடிக்கை பார்ப்பார். "என்ன சார், காருக்கு ஆபரேஷனா, இல்ல அக்காவுக்குச் சிம்மாசனமா?" என்பார். "ரெண்டும் ஒண்ணுதாம்லே" என்பார் இவர். அந்த வயதிலும் எனக்கு வெட்கமாக இருக்கும், உள்ளே போய்விடுவேன்.

அளவு எடுத்தார் அம்மா. என்னை அடுக்களை ஸ்டூலில் உட்கார வைத்து, காலை நீட்டச் சொல்லி, டேப் வைத்து. முட்டி மடங்காது என்பதால் சீட்டை நன்றாகப் பின்னால் தள்ளி முடுக்கினார். அதனால் பின்னால் இருப்பவர்கள் கொஞ்சம் சரிந்து உட்கார வேண்டும். பின்னால் யார் உட்காரப் போகிறார்கள் என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. பின் சீட்டை மட்டும் யாரும் தொடவே இல்லை, இப்போது சொல்லும்போதுதான் தோன்றுகிறது. கார் முழுக்கப் பிரித்தோம், அது அப்படியே போய், அப்படியே திரும்பி வந்துவிட்டது.

சீட்டு முடுக்கிய அன்று கூப்பிட்டார். "மனோ, வா. உக்காந்து பாரு." அவர் டிரைவர் இடத்தில் இருந்தார். பக்கத்தில் புதுச் சீட்டு. நான் ஷெட் வாசலிலேயே நின்றுகொண்டேன். "ஷெட்டுக்குள்ள உக்காந்தா யாரு பார்ப்பா? தயாபுரத்துக்குப் போற அன்னைக்கு உக்காருதேன்" என்றேன். அவர் பக்கத்துச் சீட்டை இரண்டு தட்டுத் தட்டினார். "சரி, உன் இஷ்டம்" என்றார்.

பெயின்ட் காய்வதற்குள் போய்விட்டார். நெஞ்சுவலி.

இருங்கள், தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். ஹெப்சி, அந்தக் கேனிலிருந்து கொஞ்சம் ஊற்றிக் கொடும்மா. டப்பாவைக் கீழே வைக்காதே, ஒரு கையால் பிடித்துக்கொள். ஆ, போதும்.

அவர் போன பிறகு ஆல்வின் காரை விற்றுவிடலாம் என்றான். இவள்தான், ஹெப்சிதான், "மாமா பாதியில விட்டதை முடிச்சிரலாம்" என்றாள். இந்த உறையெல்லாம் தைத்தது இவள்தான். கடையில் கொடுத்தாலும் இப்படி வராது, தையல் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். இந்த அரக்கு நிறம் நான் எடுத்தது. நன்றாகச் செய்ததை நன்றாகச் செய்தாள் என்று சொல்ல வேண்டும் அல்லவா. என் மாமியார் என் வேலையை ஒரு நாளும் மெச்சியதில்லை, நான் அப்படி இல்லை. "மிச்சத் துணியில பின் சீட்டுக்கும் தச்சிரட்டுமா அத்தை?" என்று கேட்டாள். "வேண்டாம், வச்சிரு. முன் சீட்டு நாளைக்குக் கிழிஞ்சா ஒட்டுப்போட அதே நிறம் கிடைக்குமா?" என்றேன். அதுவும் சரிதானே. பின்னால் ஜமக்காளம் விரித்திருக்கிறோம். நல்ல பவானி ஜமக்காளம்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? அவள் முகமா? வெளுத்துத்தான் இருக்கிறது. உங்களிடம் சொல்வதற்கென்ன, மெதுவாகச் சொல்கிறேன், மூன்றாம் மாதம். இன்னும் வெளியே சொல்லவில்லை. வழியில் இரண்டு தடவை நிறுத்தினான். ஆல்வின் மேலே இருக்கிற அந்தக் கண்ணாடியை அடிக்கடி திருப்பித் திருப்பி அவளைப் பார்க்கிறான். "ரோட்டைப் பாருடே" என்றேன். பிறகென்ன, எதிரே லாரி வருகிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் பயம். நானும் மூன்றாம் மாதத்தில் இதே சீட்டில் உட்கார்ந்து போனவள்தான். எனக்கு என்ன ஆகிவிட்டது?

என்ன?

ஆமாம், சொன்னேன். தங்கவில்லை என்று சொன்னேன். அது சீட்டினால் என்று யார் சொன்னது? டாக்டரே சொல்லவில்லை.

நான் ஒன்றும் கல் நெஞ்சுக்காரி இல்லை அம்மா. முன்னால் வந்து உட்காரேன் என்று சொல்லலாம் என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது, இரண்டாம் தடவை நிறுத்தியபோது. ஆனால் யோசித்துப் பாருங்கள். என்னால் பின்னால் ஏற முடியுமா, இந்த முட்டியோடு? அந்த இடுக்கில் காலை எங்கே வைப்பேன்? அப்படியே ஏறினாலும், ஊர் இன்னும் எட்டு கிலோமீட்டர்தான். இந்த வயதில் கிடைக்கிற ஒரே ஒரு எட்டு கிலோமீட்டர். அதோ அந்தத் திருப்பம் தாண்டினால் கோபுரம் தெரியும். கோயில் வாசலில் தம்பி நிற்பான். அப்பா நின்ற அதே இடத்தில். குனிந்து முன் ஜன்னலில் பார்ப்பான். பார்த்தால் நான் இருப்பேன். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் வேண்டாம். திரும்பி வரும்போது அவளே முன்னால் உட்காரட்டும். நான் வேண்டாம் என்றா சொல்லப் போகிறேன்? என் மாமியார் மாதிரியா நான்? அவர் ஒரு நாளாவது இப்படி யோசித்திருப்பாரா?

முட்டியை எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம், திரும்பி வரும்போது.

அதோ ஆல்வின் வந்துவிட்டான். இரண்டு குடம் எங்கே கிடைத்தது இவனுக்கு? துணி வைத்துத் திறடே, கையைச் சுட்டுக்கொள்ளாதே. பார்த்தீர்களா புகையை. மெதுவாக ஊற்று, மெதுவாக. அவர் இருந்தால் இன்ஜினை ஓடவிட்டு ஊற்றச் சொல்வார். ஓடவிடு. ஆ, பிடித்துக்கொண்டது. சத்தத்தைக் கேளுங்கள் அம்மா, பழைய கார் மாதிரியா இருக்கிறது? எல்லாம் அவர் கை.

உங்கள் பஸ்ஸும் வந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று. வாருங்கள், அசனத்தில் பார்ப்போம். நீங்கள் எந்தத் தெரு என்று கேட்கவே இல்லை பாருங்கள்.

என்ன ஹெப்சி? ஏன் இறங்குகிறாய்?

என்ன?

பஸ்ஸில் வருகிறாளாம். கேட்டீர்களா? "அத்தை, நான் பஸ்ல வாரேன்" என்கிறாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஏம்மா, வீட்டுக் கார் இருக்கும்போது பஸ்ஸா? ஆல்வின், நீ சொல்லேன்டா. குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் என்ன அர்த்தம்? பின் சீட்டு முழுக்க இவளுக்குத்தானே இருந்தது. ஒரு ஆள் படுத்தே வரலாமே. பஸ் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும், கோயில் வாசலில் நிற்கும். என் தம்பி முதலில் இவள் பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்ப்பான். அதற்குப் பிறகு என் கார் வரும். அவன் என்ன நினைப்பான்? ஊர் என்ன நினைக்கும்?

சரி. போ. டப்பாவைச் சீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. சாயாமல் அந்தச் சேலைப் பையை முட்டுக்கொடு. முந்தானையைப் பார்த்து, கதவில் மாட்டிக்கொள்ளப் போகிறது.

அம்மா, அம்மா, ஒரு நிமிஷம். ஏறுவதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள். பண்டிகை நாள், பஸ்ஸில் கூட்டமாகத்தான் இருக்கும். உங்களுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அதை இந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். முன்னால், காற்று வருகிற மாதிரி. குலுங்கினால் அவளுக்கு ஆகாது. எட்டு கிலோமீட்டர்தான், நீங்கள் நின்றுகொண்டே வந்துவிடலாம். ஒரு சீட்டுதானே அம்மா. வயதில் பெரியவர்கள் நாம், விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?